புது அலாய் வீல் கேலிப்பரில் இடிக்கிறது: தேய்க்கலாமா, கூடாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீல் சைஸ் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இடிக்கிறது?

15 அங்குல வீல் என்றால் டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் 381 மி.மீ. கேலிப்பருக்கு, அதாவது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பகுதிக்கு, கிடைப்பது அந்த இடமில்லை. ரிம்மின் நடுவில் டயர் ஏற்றுவதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தையும் அலுமினியத்தின் கனத்தையும் கழித்தால் உள்ளே மிஞ்சுவது சுமார் 335 முதல் 345 மி.மீ.தான். இது மாடலுக்கு மாடல் மாறும். ஸ்டீல் தகடு மெல்லியது, வார்ப்பு அலாய் தடிமனானது. கம்பெனி 15 அங்குல ஸ்டீல் வீல் ஏறிய வண்டியில் அதே 15 அங்குல அலாய் ஏறாமல் போவதற்கு இதுதான் காரணம்.

உங்கள் பக்கம் எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். டிஸ்க்கின் ஆரத்தோடு, டிஸ்க் ஓரத்திலிருந்து கேலிப்பரின் உச்சி வரை உள்ள உயரத்தைக் கூட்டி இரட்டியுங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் பலர் மாற்றிப் போடும் 312 மி.மீ. டிஸ்க்கை எடுத்துக்கொண்டால், ஆரம் 156. கேலிப்பர் முதுகு அதற்கு மேல் ஏறக்குறைய 24 மி.மீ. நிற்கும். ஆக 360 மி.மீ. விட்டம் வேண்டும், 15 அங்குலத்துக்குள் நுழையவே நுழையாது. 288 மி.மீ. டிஸ்க் என்றால் 336-க்குள் முடிந்துவிடும், அதனால் 15 அங்குலத்தில் ஒட்டிக்கொண்டு போகும். இந்தக் கார்களில் 288-க்கு 15, 312-க்கு 16 என்று சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

எந்த இடத்தில் இடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) வாங்குபவர்கள்தான் அதிகம். இடி இரண்டு வகை. ஒன்று, கேலிப்பரின் முதுகு ரிம்மின் உள்சுவரில் படுவது. இன்னொன்று, கேலிப்பரின் வெளிமுகம் ஸ்போக்கின் பின்பக்கத்தில் படுவது. ஸ்பேசர் வைத்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும், ஸ்போக் விலகும். ஆனால் உள்சுவரின் விட்டம் ஒரு இழைகூட அதிகமாகாது. உள்சுவரில் இடிக்கும் வீலுக்கு 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தாலும் பெரும்பாலும் அதே இடிதான்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண் போதும்:

1. வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வீல் பூட்டும் ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுங்கள். அரை மி.மீ. துரு இருந்தாலும் அளவு பொய் சொல்லும்.
2. பிரேக் பேட் புதிதாக இருக்க வேண்டும். ஏன் என்று அடுத்த கேள்வியில் இருக்கிறது.
3. கேலிப்பரின் முதுகிலும் வெளிமுகத்திலும் மேடான இடங்களில் 5 அல்லது 6 மி.மீ. கனத்துக்குக் களிமண்ணை அப்புங்கள்.
4. டயர் மாட்டாத வெறும் வீலை ஏற்றி, எல்லா நட்டையும் கையால் முறுக்கி, பிறகு லேசாக ஸ்பேனர் போடுங்கள்.
5. கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள். களிமண் அழுந்தும்போது கொஞ்சம் இழுக்கும். இரும்பு தட்டும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.
6. கழற்றி, களிமண் நசுங்கிய இடங்களில் மிக மெல்லிய இடத்தைப் பிளேடால் குறுக்கே வெட்டி வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள்.

பேட் புதிதா பழையதா என்பதில் என்ன இருக்கிறது?

நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருப்பது நகரும் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும், உடல் கம்பி போன்ற பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். வெளிப்பேட் தேயத் தேய, கேலிப்பரின் விரல் போன்ற வெளிப்பகுதி என்ஜின் பக்கமாக உள்ளே போகும். அதாவது ஸ்போக்கிலிருந்து விலகும். பாதி தேய்ந்த பேடோடு சோதித்து 3 மி.மீ. இடைவெளி கிடைத்தால், புதுப்பேட் போட்ட அன்றைக்கு அது காணாமல் போயிருக்கும். ‘ஆறு மாதமாக ஓடிய வீல் சர்வீஸுக்குப் போய் வந்ததிலிருந்து உரசுகிறது’ என்ற புகாரில் பாதி இந்த வகை. இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள, அசையாத கேலிப்பரில் இந்தச் சிக்கல் இல்லை.

எவ்வளவு இடைவெளி இருந்தால் நிம்மதி?

எல்லாப் பக்கமும் 3 மி.மீ. அதற்குக் குறைந்து விடாதீர்கள். வளைவில் வீல் கொஞ்சம் வளையும். பிரேக் அழுத்தும்போது கேலிப்பர் வாயைப் பிளக்கும், சூட்டில் எல்லாமே கொஞ்சம் பெருக்கும். இவை தனித்தனியே சின்ன அளவுகள்தான், ஒன்றாகச் சேரும்போது 1 மி.மீ.யை விழுங்கிவிடும்.

பேலன்சிங் எடைகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். உள்சுவரில் ஒட்டும் இரும்புத் துண்டு ஏறக்குறைய 4 மி.மீ. கனம். நீங்கள் கவனமாக 3 மி.மீ. விட்டு மாட்டிய வீலில், பஞ்சர் ஒட்டிய கடைக்காரர் நல்லெண்ணத்தோடு கேலிப்பருக்கு நேரே நான்கு துண்டு ஒட்டி அனுப்புவார். முதல் சுற்றிலேயே அவை சிதறும். அந்த வீலுக்கு எடையை ஸ்போக்குக்குப் பின்னால் மறைவாகவோ, உள்விளிம்பில் கொக்கி வகையாகவோதான் போட வேண்டும். வீலின் உள்ளே பெயின்ட் மார்க்கரால் ‘இங்கே எடை ஒட்டாதே’ என்று எழுதி வைப்பது கேலியாகத் தோன்றலாம், ஆனால் வேலை செய்யும்.

மண் சாலையில் ஓடும் வண்டிக்கு வேறு நியாயம். கேலிப்பருக்கும் உள்சுவருக்கும் நடுவில் சிக்கும் கல் லேத் ஊசி மாதிரி வீலைச் சுற்றிலும் கடைந்துவிடும். உலக ராலி பந்தயத்தில் மண் தடத்துக்கு 15 அங்குல வீல், தார்த் தடத்துக்கு 18 அங்குலம். சின்ன வீல் போடும் இடத்தில் கேலிப்பரை ராவிச் சமாளிப்பதில்லை, பிரேக்கையே சின்னதாக மாற்றிவிடுவார்கள்.

இடிக்கிறது என்று உறுதியாகிவிட்டது. முதலில் என்ன செய்வது?

வீலை மாற்றுங்கள். கடைக்காரரிடம் டயர் ஏற்றும் முன்பே ஒரு வீலை முன் ஹப்பில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று பேசிவிடுங்கள். டயர் ஏறிய பிறகு பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது.

அதே அளவிலேயே வேறு டிசைன் போதுமானதாக இருக்கலாம். ஸ்போக் நேராக இறங்காமல் வெளிப்பக்கம் வளைந்து வரும் டிசைனில் கேலிப்பருக்கு இடம் தாராளம். ஈ.டி. எண்ணையும் பாருங்கள், வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ஈ.டி. 45-க்குப் பதில் 40 போட்டால் ஸ்போக் 5 மி.மீ. விலகும், ஸ்பேசரே வேண்டாம். டயர் மட்கார்டு ஓரத்தில் படுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வில்வுட் போன்ற கேலிப்பர் தயாரிப்பாளர்கள் முழு அளவில் அச்சிடக்கூடிய வரைபடம் தருகிறார்கள். அதை அளவு மாறாமல் அச்சடித்து, அட்டையில் ஒட்டி வெட்டி, வீல் ஹப்பில் உட்காரும் முகத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் கடையிலேயே தெரிந்துவிடும். அச்சடித்ததும் அதிலுள்ள அளவுகோலை ஸ்கேலால் சரிபாருங்கள். பிரிண்டர் தன் விருப்பத்துக்கு 96 சதவீதமாகச் சுருக்கியிருக்கும், அது போதும் உங்களை ஏமாற்ற.

ஸ்பேசர் போட்டால் ஆபத்து என்கிறார்களே?

ஸ்போக் மட்டும் இடிக்கிறது, 3 முதல் 5 மி.மீ. போதும் என்றால் ஸ்பேசர்தான் நல்ல வழி. கேலிப்பரில் கை வைப்பதைவிட நூறு மடங்கு மேல். ஆபத்து வருவது நட்டின் பிடிப்பில்தான்.

ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பிதான் ஸ்டட். நட் ஸ்டட்டில் பிடிக்கும் நீளம் குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மாருதி சுசுகியில் வருவது எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.25 மி.மீ. அப்படியானால் கிட்டத்தட்ட 10 முழுச் சுற்று பிடிக்க வேண்டும். ஹூண்டாய், ஹோண்டாவில் எம்12, இடைவெளி 1.5, அதற்கு 8 சுற்று. 5 மி.மீ. ஸ்பேசர் மாருதியில் 4 சுற்றைத் தின்றுவிடும், மற்றதில் மூன்று சுற்றுக்கு மேல். கையால் நட்டைச் சுற்றி எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீள ஸ்டட் மாற்ற வேண்டும். பழையதைத் தட்டி எடுத்து, புதியதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவதுதான் முறை. நட்டை வைத்து இம்பாக்ட் கன்னால் இழுத்து ஏற்றினால் மரை நீண்டுபோகும். ஸ்டட்டின் வரிப்பல் விட்டம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நட்டோடு சேர்ந்து சுற்றும்.

போலோ போன்ற கார்களில் ஸ்டட் கிடையாது, எம்14 போல்ட். ஸ்பேசர் எவ்வளவோ அவ்வளவு கூடுதல் நீளமுள்ள போல்ட் வேண்டும், அதிலும் தலையின் அடிப்பகுதி வீலுக்குப் பொருந்த வேண்டும். கம்பெனி வீலுக்கு உருண்டை அடி, வெளிச்சந்தை அலாய்க்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. மாற்றிப் போட்டால் ஓரத்தில் மட்டும் பிடித்து, ஓடும்போது தளரும். இந்த போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி சரிபாருங்கள்.

நடுத்துளையும் முக்கியம். ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ., வெளிச்சந்தை வீல் துளை பலவற்றில் 73.1 மி.மீ. இடையில் வளையம் போட வேண்டும். ஸ்பேசர் வைத்த பிறகு அந்த வளையம் உட்கார ஹப்பில் உதடு மிச்சம் இருக்கிறதா பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் அடுக்குவது கூடவே கூடாது.

கேலிப்பரைத் தேய்க்கலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். உண்மையில் எங்கே தேய்க்கலாம்?

பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் 100 பார் வரை போகும். 54 மி.மீ. பிஸ்டனில் அது 2,300 கிலோ விசை. அந்த 2,300 கிலோவையும் டிஸ்க்கைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோவது கேலிப்பரின் முதுகுப் பாலம், அதாவது வீலில் இடிக்கிற அதே இடம். முதுகைக் கனமாக வார்த்திருப்பது அதற்காகத்தான்.

பாலத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 20 மி.மீ. கனத்தில் 1 மி.மீ. சுரண்டினால் அந்த இடத்தில் விறைப்பு 14 சதவீதம் போகும். 3 மி.மீ. எடுத்தால் 39 சதவீதம் போச்சு, வளைவில் வரும் தகைவும் 38 சதவீதம் ஏறும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கும், பேட் ஒரு பக்கம் சாய்வாகத் தேயும், பல நாள் கழித்து வெடிப்பு விழும். முதல் நாள் ஓட்டிப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

எங்கள் கணக்கில் தொடக்கூடியது இவ்வளவுதான்: வார்ப்பு அச்சுகள் சேரும் இடத்தில் நிற்கும் விளிம்புக் கோடு, மேலெழும்பிய எழுத்தும் எண்ணும், விரல்களின் நுனியிலும் முதுகின் ஓரத்திலும் உள்ள கூர்மூலை. மூலையை 1 முதல் 1.5 மி.மீ. சரிவாக எடுக்கலாம். முதுகின் தட்டையான முகத்தைச் சுரண்டி இடம் பண்ண வேண்டிய நிலை வந்தால் அந்த வீல் அந்தக் காருக்கு இல்லை.

தொடவே கூடாத இடங்கள்: பிஸ்டன் குழியின் சுவர், காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகையும் ஹோஸ் போல்ட்டையும் சுற்றிய பகுதி, கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் காதுகள், இரண்டு பாதியைச் சேர்க்கும் போல்ட்களின் சுற்றுப்புறம். நான்கு பிஸ்டன் கேலிப்பர்களில் சிலவற்றில் பிரேக் ஆயில் உள்ளுக்குள்ளேயே துளை வழியாக ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போகும். வெளியே குழாய் தெரியவில்லை என்றால் உள்ளே வழி ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேய்க்கும் முறை என்ன?

வண்டியில் இருக்கும்போதே ஆங்கிள் கிரைண்டரை நீட்டுவது படுமோசமான வேலை. தீப்பொறி டஸ்ட் பூட் ரப்பரைச் சுடும், தூள் சீலுக்குள் போய் பிஸ்டனில் கீறல் போடும், சில மாதத்தில் ஆயில் கசியும். கேலிப்பரைக் கழற்றி, பேட், பிஸ்டன், சீல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் உடலாக வையுங்கள். எப்படியும் சீல் கிட் புதிதாகப் போடப் போகிறீர்கள்.

களிமண் காட்டிய இடத்தை மார்க்கரால் குறித்து, குறியின் நடுவில் கனத்தை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். வார்ப்பிரும்புக்கு நடுத்தர அரம் அல்லது 80 கிரிட் பிளாப் டிஸ்க். அலுமினியத்துக்குச் சாதாரணக் கல் சக்கரம் ஆகாது, பொடி அடைத்துக்கொண்டு சூடேறும். கார்பைடு பர் அல்லது சாக்கட்டி தேய்த்த அரம் வேண்டும். அலுமினியக் கேலிப்பர் சூட்டுப் பதம் கொடுத்த வார்ப்பு. கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். இரும்பு அறுத்த அதே மேஜையில் அலுமினியம் தேய்க்காதீர்கள், இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் கலந்தால் பொறி பட்டுத் தீப்பிடிக்கும்.

கடைசியில் 120, பிறகு 240 எமரி. தேய்த்த கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைப் பாருங்கள். விசை என்ஜின் பக்கத்திலிருந்து ஸ்போக் பக்கத்துக்குப் பாலத்தின் வழியே போகிறது, கோடுகளும் அதே போக்கில் இருக்க வேண்டும். குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் வெடிப்பு தொடங்க ஒரு வாசல். படி மாதிரி வெட்டாமல் உருட்டி முடியுங்கள்.

அதன் பின் சிவப்புச் சாயச் சோதனை. சாயம் அடித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். வார்ப்புப் பட்டறைகள் நிறைந்த கோவையிலும் அம்பத்தூர் பக்கமும் இதைச் செய்து தர ஆள் கிடைப்பார்கள். கோடு தெரிந்தால் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான், வெல்டிங் என்ற பேச்சே கூடாது.

மறுபடி பூட்டும்போது?

குழியையும் வழிகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் பட்டால் சீல் ஊதிப்போகும். சீலுக்கு டாட் 4 பிரேக் ஆயிலையே தடவி மாட்டுங்கள். ஹோஸ் போல்ட்டின் செப்பு வாஷர் இரண்டும் புதிது. பிளீடிங்குக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஆயில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பெடலை முழுப் பலத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்து, கூட இருப்பவரைத் தேய்த்த இடம், சீல், வாஷர் மூன்றிலும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.

தேய்த்த அலுமினியத்தில் பாதுகாப்புப் பூச்சு போயிருக்கும். சென்னைக் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பு சீக்கிரம் வரும். சூடு தாங்கும் கேலிப்பர் பெயின்ட் மெல்லியதாக இரண்டு கோட் போதும். பெயின்ட் கனமும் இடைவெளியைத் தின்னும் என்பதால் காய்ந்ததும் இன்னொரு முறை களிமண் சோதனை.

கேலிப்பருக்குப் பதில் வீலின் ஸ்போக்கைக் கொஞ்சம் கடைந்தால்?

வேண்டாம். 185/65 ஆர்15 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 510 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்போக் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது, 10,000 கிலோமீட்டரில் 51 லட்சம் முறை. இரும்பைப் போல் ‘இந்த அளவுக்குக் கீழே என்றைக்கும் சோர்வடையாது’ என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. சோதித்துப் பெற்ற ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரை, கடைந்த பிறகு வெறும் அலங்காரம்.

பிராக்கெட்டை மாற்றி கேலிப்பரை உள்ளே இறக்க முடியாதா?

சின்ன டிஸ்க்கோடு சேர்த்துச் செய்தால் முடியும். ஃபோக்ஸ்வேகனில் அந்த 288, 312 மி.மீ. இரண்டுக்கும் ஒரே 54 மி.மீ. கேலிப்பர், பிராக்கெட் மட்டும் வேறு. 15 அங்குலம்தான் வேண்டும் என்றால் 288 டிஸ்க்கும் அதற்கான பிராக்கெட்டும் போட்டால் தேய்க்கும் வேலையே இல்லை. டிஸ்க்கை மாற்றாமல் கேலிப்பரை மட்டும் 5 மி.மீ. இறக்கினால் பேடின் அடிப்பகுதி டிஸ்க்கின் உராயும் முகத்தைத் தாண்டித் தொங்கும். அந்தப் பகுதி தேயாமல் உதடாக நிற்கும். லேத்தில் தட்டையாகக் கடைந்த உள்ளூர்ப் பிராக்கெட்டுகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சட்டம், இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. வீல் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ராவிய கேலிப்பர் வேறு கதை. விபத்துக்குப் பின் சர்வேயர் அதைப் பார்த்துவிட்டால் உங்கள் பக்கம் பேச வாதம் மிஞ்சாது.

மாட்டிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு வீலைக் கழற்றி உள்சுவரைப் பாருங்கள். சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு, அல்லது கேலிப்பர் பெயின்ட் ஒரு இடத்தில் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருப்பது, இரண்டும் உரசலின் அடையாளம். சுற்றுக்கு ஒரு முறை ‘சரக்’ என்று வந்தால் எடை அல்லது ஸ்போக். வளைவில் மட்டும் வந்தால் இடைவெளி பத்தவில்லை.

ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். கேலிப்பரும் வீலும் சேர்ந்தே திரும்புவதால் அந்த இடைவெளி மாறாது, ஆனால் அகலமான ரிம்மின் உள்விளிம்பு பிரேக் ஹோஸிலோ டை ராட் முனையிலோ படலாம்.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் ஒரு முறை முன் ஹப்பில் ஏற்றிப் பாருங்கள். பெரிய பிரேக் போட்ட வண்டியில் 14 அங்குல ஸ்டெப்னி கேலிப்பரைத் தாண்டாது. ஏறவில்லை என்றால், முன் டயர் பஞ்சரானால் பின் வீலைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்ட வேண்டியிருக்கும். பின்னால் டிரம் பிரேக் என்றால் அங்கே அது ஏறிவிடும். அதற்கான நட் தனி வகையாக இருந்தால் நான்கையும் ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு கட்டி வையுங்கள்.